மனச்சிதைவு நோய்: வீட்டில் கவனிப்பதிலிருந்து டாக்டர் பெயர் சொல்லும் வரை

என் தம்பிக்கு நோய் தொடங்கியபோது அவனுக்கு 20 வயது. அது நோய்தான் என்று எங்களுக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் இரண்டு கோயில், ஒரு கோடாங்கி, ஒரு ஜோசியர், தலைக்கு ஒரு ஸ்கேன் என்று சுற்றி முடித்திருந்தோம். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார் அம்மா. அப்பாவோ, அப்படியானால் பையன் நடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த ஸ்கேனை நம்பியதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. சிசோஃப்ரினியா என்று டாக்டர்கள் சொல்லும் மனச்சிதைவு நோயைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை கிடையாது. நோயாளி சொல்வது, டாக்டர் நேரில் பார்ப்பது, வீட்டில் இருப்பவர்கள் இத்தனை நாளாகப் பார்த்தது, இந்த மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. அதைச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எப்படிக் கொடுப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. பல வருடம் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்து பழகிய ஒரு அக்கா, அவ்வளவுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'மனம் பிளவுபடுவது' என்ற பொருளில் சிசோஃப்ரினியா என்ற சொல்லை 1908-இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து டாக்டர் ஆய்கன் ப்ளாய்லர். தமிழிலும் அதையொட்டி மனச்சிதைவு என்று வைத்துவிட்டோம். இதனால் ஒரே ஆளுக்குள் இரண்டு மூன்று ஆட்கள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சினிமாவும் அதைத்தான் காட்டுகிறது. அது வேறு பிரச்சினை, இது வேறு. ஜப்பானில் இந்தப் பெயரே அவமானமாக இருக்கிறது என்று நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002-இல் பெயரையே மாற்றிவிட்டார்கள். நமக்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தால் தேவலை.

முதல் வேலை: சத்தமில்லாத மாற்றத்தைப் பார்ப்பது

பல வீடுகளில் இந்த நோய் ஓசைப்படாமல்தான் நுழைகிறது. குளிப்பது ஒரு நாள் தள்ளிப்போகும், அப்புறம் ஒரு வாரம் தள்ளிப்போகும். ஞாயிறு தவறாமல் கிரிக்கெட் ஆடப் போனவர் மட்டையைத் தொட மாட்டார். நண்பர்கள் வாசலில் வந்து நின்றால் 'இல்லைன்னு சொல்லு' என்பார். கேட்ட கேள்விக்கு 'ம்', 'தெரியல' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். வீட்டில் சாவு விழுந்தாலும் கல்யாணம் நடந்தாலும் முகத்தில் ஒரே பாவம்தான். இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குவார்.

டாக்டர்கள் இவற்றில் பலவற்றை 'நெகட்டிவ்' அறிகுறிகள் என்பார்கள். ஒரு மனிதரிடம் இருக்க வேண்டியவை, அதாவது ஆசை, முனைப்பு, பேச்சு, முகபாவம் எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைவது. வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம், திமிர், லவ் ஃபெயிலியர், அரியர் கவலை. எங்கள் வீட்டில் நான்கையும் சொன்னோம். 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்ற யோசனையும் வந்தது. நல்லவேளை, பெண் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. உண்மையை மறைத்துச் செய்த கல்யாணத்தால் இரண்டு குடும்பம் உடைந்ததை ஓ.பி. வரிசையில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

மேலே சொன்னவற்றில் ஒன்றிரண்டு இருப்பதாலேயே மனச்சிதைவு என்று பயந்துவிட வேண்டாம். மனச்சோர்வு, கஞ்சா, பரீட்சைத் தோல்வி, தைராய்டு குறைவு எல்லாமே ஒருவரை இப்படி முடக்கிப் போடலாம். பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாமல், அவரையே ஆறு மாதம் முன்பிருந்த அவரோடு ஒப்பிடுங்கள். இரண்டு, படிப்பு அல்லது வேலை, நட்பு, தூக்கம், சுத்தம் எல்லாம் ஒருசேரச் சரிகிறதா என்று பாருங்கள். சில வாரங்களுக்கு மேல் சரிவு நீடித்தால் காரணம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

வயதும் ஒரு துப்பு. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவரையிலும், பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் நோய் தலைகாட்டும். அதாவது வீடே எதிர்பார்த்துக் காத்திருக்கும் வயதில். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படியானால் உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இதை மறைத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது: குரலையும் நம்பிக்கையையும் அடையாளம் காண்பது

இனி, இல்லாத ஒன்று புதிதாக வந்து சேரும் அறிகுறிகள். 'பாசிட்டிவ்' அறிகுறிகள் என்று பெயர். பெயரைப் பார்த்து நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலோருக்கு வருவது குரல். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். அது கற்பனை செய்துகொள்வது போன்றது கிடையாது. நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிற மாதிரியே அவருக்குக் கேட்கிறது. அந்த நேரத்தில் மூளையில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் உரிய பகுதிகள் வேலை செய்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். குரல் திட்டலாம், உத்தரவு போடலாம். இரண்டு பேர் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது போல், 'பாரு, இப்போ டம்ளரை எடுக்கிறான், இப்போ குடிக்கிறான்' என்று வர்ணனையும் ஓடலாம்.

நம் ஊர்க் குரல்களைப் பற்றி ஒரு சுவாரசியமான ஆய்வு உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டான்யா லூர்மன், சென்னை டாக்டர்களோடு சேர்ந்து, சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று இடங்களிலும் இடத்துக்கு 20 பேர் வீதம் குரல் கேட்பவர்களிடம் பேசினார். அமெரிக்கர்கள் பலருக்கு முன்பின் தெரியாத, வன்முறையைப் பேசும் குரல்கள். சென்னைக்காரர்கள் பலருக்குக் கேட்டது உறவுக்காரர் குரல். 'குளி', 'சமை', 'இதைச் செய்' என்று வீட்டு வேலை ஏவுகிற குரல். படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் தம்பிக்குக் கேட்டதும் எங்கள் பெரியப்பா குரல்தான். ஆகவே, குரல் பயங்கரமாக இல்லை, அன்பாகத்தான் பேசுகிறது என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம்.

குரல் கேட்பதை அவர்களே வந்து சொல்வது குறைவு. வெளியிலிருந்து தெரிவது இவ்வளவுதான்: பேச்சின் நடுவில் நின்று ஒரு மூலையைப் பார்ப்பார். உதடு அசையும். காரணமில்லாமல் சிரிப்பு வரும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், அல்லது டிவியைக் காது கிழிய வைப்பார். இரவில் தனியாக யாரோடோ வாக்குவாதம் செய்வார்.

அடுத்தது, எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை. சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள், போலீஸ் பின்தொடர்கிறது, டிவியில் செய்தி வாசிப்பவர் என்னைத்தான் குத்திக் காட்டுகிறார், எதிர்வீட்டுக் கொடியில் சிவப்புச் சட்டை காய்ந்தால் எனக்கு ஏதோ சேதி என்பார்கள். இன்னும் விசித்திரமானவையும் உண்டு. நான் நினைப்பது ஊருக்கே கேட்கிறது, என் தலைக்குள் வேறு யாரோ எண்ணத்தைத் திணிக்கிறார்கள், என் கையை வெளியிலிருந்து ஒரு சக்தி அசைக்கிறது என்பார்கள். கடைசி மூன்றையும் டாக்டர்கள் மிக உன்னிப்பாகக் கேட்பார்கள். அவற்றை ஒருவர் சொன்னால் அவர் சொன்ன அதே வார்த்தையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு தடம் புரள்வது மூன்றாவது. 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால், 'சோறு வெள்ளை, வெள்ளை கட்சிக்காரன் வேட்டி, வேட்டி கிழிஞ்சா மழை' என்று போகும். ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், சேர்த்தால் ஒன்றும் புரியாது.

அந்த நேரத்தில் வாதாடாதீர்கள். விஷமில்லை என்று நிரூபிக்க நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால், நீங்களும் சதியில் கூட்டு என்று ஆகிவிடும். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவதும் கூடாது. 'எனக்கு அந்தக் குரல் கேட்கலை. ஆனா உனக்குக் கேட்குது, அது உன்னைப் பயமுறுத்துதுன்னு தெரியுது' என்று சொல்லலாம். எங்களுக்கு வேலை செய்த ஒரே வாக்கியம் இது.

சாமி வருவதும் நோயா?

இந்தக் கேள்வி நம் ஊரில் வராமல் இருக்காது. திருவிழாவில் உடுக்கைச் சத்தத்துக்குச் சாமி வந்து ஆடிவிட்டு, விபூதி பூசியதும் அடங்கி, மறுநாள் காலை வயலுக்குப் போகிறவர் நோயாளி இல்லை. செய்வினை உண்டு என்று நம்புவதும் தனியாக ஒரு அறிகுறி ஆகாது. ஊரே நம்புகிற ஒன்றை ஒருவர் நம்பினால் அதை நோயாக எடுக்கக் கூடாது என்பது மனநல மருத்துவத்தின் விதி. கணவர் இறந்து இரண்டு வாரத்தில் அவர் கூப்பிடுவது போல் கேட்டது என்று ஒரு பாட்டி சொன்னால் அது துக்கம்.

சந்தேகம் எங்கே வர வேண்டும்? சாமியாடும் மற்றவர்களே 'இது சாமி மாதிரி தெரியலையே' என்று தயங்கும்போது. திருவிழா முடிந்தும் அடங்காதபோது. தூக்கம், வேலை, சுத்தம் எல்லாம் கூடவே சரியும்போது. கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன், இப்போதும் போகிறோம். ஆனால் டாக்டரை ஒத்திப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, குணமாவதும் மெதுவாகிறது. கட்டிப்போடும் இடத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் தடை செய்திருக்கிறது.

மூன்றாவது: ஒரு நோட்டு போடுங்கள்

முதல்முறை டாக்டரிடம் போனபோது 'என்ன பிரச்சினை?' என்று கேட்டார். 'பைத்தியம் மாதிரி நடந்துக்கறான் சார்' என்றார் அப்பா. அதை வைத்து டாக்டர் என்ன செய்வார்? அடுத்த முறைக்குள் நான் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். அதிலிருந்து ஒரு குறிப்பு:

'செவ்வாய், இரவு 2 மணி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிடம் பேசிக்கொண்டிருந்தான். பத்து நிமிடம். கோபமாகத் தெரியவில்லை. நான் கூப்பிட்டதும் நிறுத்திவிட்டு, தூக்கம் வரலை என்றான்.'

நாள், நேரம், பார்த்தது, கேட்டது. நம் அபிப்பிராயம் வேண்டாம். 'திமிராகப் பேசினான்' என்று எழுதுவதைவிட அவன் சொன்னதை அப்படியே எழுதுங்கள். இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை நாளுக்கு ஒருமுறை குளித்தான், எத்தனை வேளை சாப்பிட்டான் என்பதையும் சேருங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய கதையை எழுதுங்கள். மாற்றம் முதலில் எந்த மாதம் கண்ணில் பட்டது? திடீரென்று வந்ததா, மெல்ல வந்ததா? சிறு வயதில் வலிப்பு, தலையில் அடி உண்டா? குடி, கஞ்சா, மாத்திரைப் போதை உண்டா? இதை மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான். இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும், லேகியமும் நாட்டு மருந்தும் உட்பட. ரத்த உறவில் யாருக்காவது மனநோய், தற்கொலை, 'வீட்டை விட்டுப் போய்விட்டார்' என்ற கதை உண்டா? கடைசிக் கேள்விக்குப் பாட்டியிடம்தான் பதில் இருக்கும். எங்கள் வீட்டில், காசிக்குப் போனதாகச் சொல்லப்பட்ட ஒரு சின்னத் தாத்தா இருந்தார். அப்போதுதான் அவர் கதை வெளியே வந்தது.

வீடியோ எடுத்து வைக்கிறார்கள் சிலர். அவருக்குத் தெரியாமல் எடுத்தது தெரிந்தால், ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்துக்கு நாமே ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான்காவது: யாரிடம், எப்படி அழைத்துப் போவது

போக வேண்டியது சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவரிடம். சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியலாளர். பேச்சு சிகிச்சை, சோதனைகள் அவர் வேலை, மருந்து எழுத மாட்டார். பிறகு அவரும் தேவைப்படுவார். தமிழ்நாட்டில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தும் அங்கேயே இலவசம். சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்த நோய்க்கென்றே டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் சென்னையில்தான். எங்கே போவது என்றே தெரியவில்லையா? 14416 என்ற டெலி மனஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

சரி, 'எனக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் பைத்தியம்' என்கிறவரை எப்படி அழைத்துப் போவது? இது பிடிவாதம் கிடையாது, நோயின் ஒரு பகுதி. நம் நாட்டு ஆக்ரா உட்பட 9 நாடுகளின் ஊர்களில் நடந்து 1973-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், மற்ற எல்லா அறிகுறிகளையும்விட அதிகமாக, 100-க்கு 97 பேரிடம் காணப்பட்டது, தனக்கு நோய் இருப்பதை உணராமை. குரல் கேட்பது 74 பேருக்குத்தான்.

அதனால் நோயைப் பற்றி வாதாடாமல் அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். தூக்கம் வராதது, பயம், தலைவலி, காதில் சத்தம். 'தூக்கத்துக்குக் காட்டலாம், நானும் கூட வரேன்' என்று சொன்னால் அதில் பொய் இல்லை. அவர் மதிக்கும் ஒரு ஆள் சொன்னால் எடுபடும். எங்கள் வீட்டில் அது என் தம்பியின் பள்ளிக்கூட பி.டி. வாத்தியார். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி மருத்துவமனையில் இறக்கிவிடாதீர்கள். முதல் நாள் வேலை முடியும், மறுமுறை அவர் உங்களோடு பஸ் ஏற மாட்டார். வரவே மறுத்தால் நீங்கள் மட்டும் நோட்டோடு போய் டாக்டரிடம் யோசனை கேட்கலாம்.

ஐந்தாவது: டாக்டர் அறையில் நடப்பது

முதல் நாள் கூட்டம் அதிகம் இருக்கும், காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள். சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும்.

டாக்டர் அவரிடம் தனியாகப் பேசுவார், நம்மிடம் தனியாகப் பேசுவார். அவர் முன்னால் நோட்டை விரித்து வைத்துக் குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். சாதாரண அரட்டை போலத் தெரியும் அந்தப் பேச்சில் நிறையப் பரிசோதனை நடக்கிறது. உடை, கண் பார்ப்பது, பேச்சின் வேகம், எண்ணங்களின் கோவை, சொல்லும் மனநிலையும் முகத்தில் தெரிவதும் பொருந்துகிறதா என்று எல்லாம் கவனிப்பார். 'இன்று என்ன கிழமை?', '100-லிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாங்க' என்பார். பழமொழியும் கேட்பதுண்டு. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்னா என்ன அர்த்தம்?' என் தம்பி யோசித்துவிட்டு, 'அம்மி கருங்கல்லு சார், அடிச்சா கை போயிரும்' என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டாக்டருக்கு வரவில்லை. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளை எடுக்க முடிகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. ஆனால் ஒரு பழமொழியை வைத்து யாரும் நோயை முடிவு செய்வதில்லை, நீங்களும் வீட்டில் இதை வைத்துப் பரீட்சை நடத்தாதீர்கள்.

'சாகணும்னு தோணுதா?' என்றும் நேராகக் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்த நோயில் தற்கொலை ஆபத்து உண்மையில் உண்டு என்பதால் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

சோதனைகள் எதற்கு?

ஸ்கேனில் நோய் தெரியாது என்றால் எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள்? வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. மனச்சிதைவு போலவே வேடம் போடும் நோய்கள் பல. தைராய்டு கோளாறு, பி12 குறைவு, வலிப்பு, மூளைக்கட்டி, மூளையழற்சி, மேகநோய் (சிஃபிலிஸ்), எச்.ஐ.வி., இளவயதில் செம்புச் சத்து உடம்பில் தேங்கும் வில்சன் நோய். மருந்துகளிலும் உண்டு. ஸ்டீராய்டும் சில காசநோய் மாத்திரைகளும் சிலருக்குப் புத்தித் தடுமாற்றத்தைக் கொண்டுவரும். கஞ்சாவும் மெத் போன்ற போதைகளும் குரல் கேட்க வைக்கும். ஆகவே ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்றால் அர்த்தம், இந்தப் பட்டியலில் பலவற்றை அடித்துவிடலாம் என்பதே. ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. எங்கள் அப்பாவுக்கு இதை யாராவது அன்று சொல்லியிருந்தால் பாயசம் மிச்சமாகியிருக்கும்.

குறிப்பாக மூன்று சந்தர்ப்பங்களில் உடம்பு நோயை முதலில் தேட வேண்டும். காய்ச்சலோ வலிப்போ கூட வரும்போது. இடம், நேரம், ஆள் தெரியாமல் குழம்பும்போது. ஐம்பது அறுபது வயதில் முதல்முறையாக வரும்போது. குழந்தை பெற்ற சில நாட்களில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால் அது தனி அவசரம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெயர் சொல்ல ஏன் இழுக்கிறார்கள்

மூன்று முறை போயும் சீட்டில் 'சைக்கோசிஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. டாக்டருக்கே தெரியவில்லை போலும் என்று வேறு இடத்துக்கு ஓடப் பார்த்தோம். உண்மையில் அவர் சரியாகத்தான் செய்தார். நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலைக்குப் பொதுப்பெயர் சைக்கோசிஸ். காய்ச்சல் என்பது போல. எந்தக் காய்ச்சல் என்று சொல்லக் காலம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் பதிப்பு நோய்ப் பட்டியல், 2022-இல் நடைமுறைக்கு வந்தது, குறைந்தது இரண்டு அறிகுறிகள் ஒரு மாதத்துக்குப் பெரும்பாலான நேரம் இருக்க வேண்டும் என்கிறது. அதில் ஒன்றாவது அசையாத தவறான நம்பிக்கை, மாயக்குரல் போன்றவை, தடம் புரண்ட சிந்தனை, வெளிச்சக்தி தன்னை ஆட்டுவிக்கிறது என்ற அனுபவம் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இன்னும் கறார். ஒரு மாதம் தீவிர அறிகுறிகளும், எல்லாம் சேர்த்து ஆறு மாதம் நோயின் தடமும், வேலையிலோ படிப்பிலோ உறவிலோ சரிவும் வேண்டும் என்கிறது. சில வாரங்களில் வந்து முழுதாகப் போய்விடும் சைக்கோசிஸும் உண்டு. குரல் கேட்பது மனநிலை உச்சத்தில் ஏறும்போதோ ஆழத்தில் விழும்போதோ மட்டும்தான் என்றால் அது இருதுருவ நோயாகவோ கடும் மனச்சோர்வாகவோ இருக்கலாம். இதையெல்லாம் ஒரே நாளில் பிரிக்க முடியாது. 'எப்போது தொடங்கியது?' என்ற கேள்விக்கு நோட்டு எவ்வளவு உதவும் என்று இப்போது புரிந்திருக்கும்.

பெயருக்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை. பெரும்பாலும் முதல் நாளே மருந்து தொடங்கிவிடுவார்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு மனநல மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம், தப்பே இல்லை. மருந்தை நிறுத்தாமல், பழைய சீட்டுகளோடு போங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

சாகப் போகிறேன் என்றால், குரல் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால், அசையாமல் சிலை போல நின்று சோறு தண்ணீர் இறங்கவில்லை என்றால், அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 108 ஆம்புலன்ஸ் வரும். கத்தி, பூச்சிமருந்து, மாத்திரைப் பட்டைகளை முன்கூட்டியே எட்டாத இடத்தில் வையுங்கள். அவருக்குச் சம்மதம் சொல்லும் நிலை இல்லாதபோது, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு குடும்பத்தின் துணையில் மருத்துவமனையில் சேர்க்க 2017 சட்டம் வழி செய்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தெருவில் அடி வாங்குவது அவர்கள்தான்.

பெயர் வந்த பிறகு

பெயர் வந்த அன்று யாரும் நிறையப் பேச வேண்டாம். நான்கு கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். மருந்து வேலை செய்ய எத்தனை வாரம் ஆகும்? என்ன பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும்? நன்றாக ஆனபின் எத்தனை காலம் தொடர வேண்டும்? படிப்புக்கோ வேலைக்கோ எப்போது திரும்பலாம்? கை நடுக்கம், விறைப்பு, எடை கூடுவது எல்லாம் வரலாம், சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார்கள். நன்றாகத் தெரிகிறாரே என்று நாமாக நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம். சாம்பாரில் மாத்திரையைக் கலக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. செய்வதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், நல்ல மாற்று வழிகள் உண்டு.

குணமாகுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. டாக்டர் ஆர். தாராவும் அவர் குழுவினரும் 1981-லிருந்து, நோயின் தொடக்கத்தில் இருந்த 90 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வேலைக்குப் போனவர்களும் குடும்பம் நடத்தியவர்களும் அவர்களில் நிறைய.

என் தம்பி இப்போது மாமாவின் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறான். போன வருடம் பீரோவைச் சுத்தம் செய்யும்போது அந்த 40 பக்க நோட்டு அவன் கையில் கிடைத்தது. உட்கார்ந்து முழுவதும் படித்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, 'அக்கா, இது தப்பு' என்றான். 'அன்னிக்கு நான் தொட்டிகிட்ட பேசலை. தொட்டிக்குப் பின்னாடி நின்ன பெரியப்பாகிட்ட பேசிட்டிருந்தேன்.' பேனா கேட்டு வாங்கி அவனே திருத்தினான். அடுத்த மாதம் டாக்டரிடம் போனபோது அந்தப் பக்கத்தையும் காட்டினோம்.